சாரக் கயிறு இறுக்கிய கால்

இந்நிகழ்ச்சியை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அண்மையில் உறவினர் இல்லம் ஒன்றில், குளியலறையில் வழுக்கி முன்கை முறிந்த அம்மையார் ஒருவரைக் கண்டேன். வீட்டார் துண்டை முறுக்கிக் கையைக் கட்டியிருந்தனர். "எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லதுங்க" என்றார் கட்டியவர். விரல்கள் தடித்துப் பளபளவென்று மின்னின.

கட்டைத் தளர்த்தச் செய்தேன். விரல்களில் குருதி ஓடத் தொடங்கிய பின்னரும் அஞ்சியபடியே அவற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அந்த அச்சம் அவ்வம்மையாரின் கையைப் பற்றியதன்று. மைசூரில் ஒரு பிற்பகலில் நான் தொட்டுப்பார்த்த ஒரு பாதத்தின் குளிர்ச்சி என் விரல் நுனிகளில் இன்னும் இருக்கிறது.

எழுதிவைத்தால் எங்கோ ஒருவருடைய கையோ காலோ பிழைக்கக்கூடும். ஆகவே எழுதத் துணிந்தேன்.

துண்டைக் கடித்த மனிதர்

தொண்ணூறுகளின் தொடக்கம். காவிரி நீரைப் பற்றிய பூசல் சட்ட அவைகளை விட்டுத் தெருவுக்கு வந்துவிட்டிருந்த நாள்கள். மைசூரின் மண்டி மொஹல்லாவில், மிளகாய்க் கிடங்குகளுக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில், மாடிப் பகுதியில் நான் குடியிருந்தேன். கணவர் சேலத்தில் பணியாற்றிவந்தார். தொழிலாளர் வழங்கும் சொற்களைத் திரட்டி அகராதி ஆக்குவது என் வேலை.

கடைகள் அடைபட்டிருந்தன. பூட்டிய கிடங்குகளிலிருந்து மிளகாய் நெடியும், எங்கிருந்தோ டயர் எனப்படும் வட்டுருளைகள் எரியும் கரிய நாற்றமும் கலந்து வந்தன. வானொலியைக் காதோடு வைத்துக் கேட்டேன். சன்னலருகே நின்று பேசுவதையே விட்டுவிட்டேன். நாள் முழுதும் தமிழ்ச் சொற்களோடு வாழ்ந்தவள், அவற்றுள் ஒன்றையேனும் வாய்விட்டுச் சொல்ல அஞ்சினேன்.

எங்கள் வீட்டை ஒட்டிப் பாதி எழும்பிய கட்டடம் ஒன்று நின்றது. வேலையாள்கள் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிட்டனர். எஞ்சியவர் மூவர்: சாரம் கட்டும் முருகேசன், அவருடைய தம்பி பெருமாள், முருகேசனின் மனைவி பாக்கியம். ஹனூருக்கு அப்பால் ஒரு சிற்றூர் அவர்களுடையது. பிறந்ததும் வளர்ந்ததும் வாக்களிப்பதும் கருநாடகத்தில்தான். ஆனால் வாயைத் திறந்தால் வருவது தமிழ். ஊருக்குப் பேருந்து ஓடவில்லை. சிமிட்டி மூட்டைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடந்தனர்.

அன்று நண்பகல் கடந்த வேளை. பெருஞ்சாலைப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. கூட்டம் எங்கள் சந்துக்குள் வருகிறதா என்று பார்க்க முருகேசன் சாரத்தின் மீது ஏறினார். என் அடுக்களைச் சன்னலிலிருந்து அவரைக் கண்டேன். ஒரு கையால் கழியைப் பற்றி, மறு கையைப் புருவத்தின் மேல் குவித்து நின்றார்.

எவரோ எறிந்த கல் தகரக் கதவு ஒன்றில் மோதியது. அவ்வொலிக்கு முருகேசன் வெடுக்கெனத் திரும்பினார். கால் தவறியது. கீழே கருங்கல் சல்லிக் குவியலில் விழுந்தார். உலர்ந்த விறகை முழந்தாளில் வைத்து ஒடிப்பது போன்ற ஓர் ஒலி என் சன்னல்வரை வந்தது.

அவர் அலறுவார் என்று காதைப் பொத்திக்கொண்டேன். அலறவில்லை. தலைத்துண்டை உருவி வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டார். அலறினால் தெருவுக்குக் கேட்கும். அந்த வலியிலும் அது அவருக்கு நினைவிருந்தது.

சாரம் கட்டுவோரின் முறை

இங்குச் சற்றே விலகிச் செல்ல வேண்டும். இல்லையேல் பின்னர் நடந்தது விளங்காது.

அகராதிப் பணியின் பொருட்டு முருகேசனிடம் பலநாள் பேசியிருக்கிறேன். அவர்கள் கையாண்ட கழிகள் நீலகிரி மரத்தவை. கையில் எடுத்தால் தைல மணம் வீசும். கயிறு தென்னைநார். நெடுங்கழியும் குறுக்குக் கழியும் சந்திக்கும் இடத்தில் கயிற்றைப் பலமுறை சுற்றி, கழியில் காலை உதைத்து, உடல் எடை முழுவதையும் கொண்டு இழுப்பர். நுனியைச் சுற்றுகளுக்கு அடியில் செருகி மறைத்துவிடுவர். அதற்குப் பின் கட்டின்மேல் ஒரு குவளை நீர் ஊற்றுவர். நார் நீரைக் குடித்துப் பருக்கும். கட்டு கழியைக் கவ்விக்கொள்ளும்.

"தண்ணி ஊத்துனாத்தானுங்க கட்டு உசுர் புடிக்கும்" என்று முருகேசன் ஒருமுறை விளக்கினார்.

அவர்களிடம் வேறொரு கட்டுப்பாடும் இருந்தது. சாரக் கயிற்றை அறுக்கலாகாது. வேலை முடிந்தால் உச்சியிலிருந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தே இறங்க வேண்டும். ஆள் மேலே நிற்கையில் கயிற்றில் கத்தி பட்டால் அது கொலைக்கு ஒப்பு. பேச்சுக்குக்கூட "கயித்த அறு" என்று சொல்லமாட்டார்கள். ஒருமுறை அகராதிக்காக நான் அச்சொல்லைக் கேட்டபோது பெருமாள் எழுந்து போய்விட்டான்.

நீர் ஊற்றிய கை

கணவரின் பழைய வேட்டிகள் சிலவற்றையும் ஒரு தலையணையையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். கல்லூரி நாள்களில் மாணவர் படையில் சேர்ந்து முதலுதவி பயின்றிருந்தேன். அது கால் நூற்றாண்டுக்கு முந்தைய கல்வி. முறியாத தோழியரின் முறியாத கால்களுக்குச் சிரிப்பும் கேலியுமாகக் கட்டுப் போட்டதுதான் என் பட்டறிவு முழுவதும்.

நான் போய்ச் சேர்வதற்குள் பெருமாள் கட்டி முடித்திருந்தான்.

அண்ணனைச் சாக்கின்மேல் கிடத்தி, கணைக்காலின் இருபுறமும் நீலகிரிக் கழித்துண்டுகளை வைத்து, தென்னங்கயிற்றால் வரிந்து வரிந்து கட்டியிருந்தான். ஒழுங்கில் குறை சொல்ல இயலாத கட்டு. கட்டடத்தின் மூன்றாம் தளத்தையே தாங்கக்கூடியது. நான் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே சிமிட்டி படிந்த குவளையில் நீர் மொண்டு கயிற்றின்மேல் ஊற்றினான்.

"இனி அசையாதுங்க டீச்சரம்மா" என்றான். நான் ஆசிரியை அல்லேன் என்று பலமுறை சொல்லியும் அவர்களுக்கு நான் டீச்சரம்மாதான்.

எங்களுக்குப் பயிற்சி தந்த அம்மையார் எதையும் இருமுறை சொல்பவர். கட்டிய பின் கட்டைப் பார்க்காதே, விரலைப் பார், விரலைப் பார். அவர் குரல் என் காதருகே கேட்டாற்போல் இருந்தது. குனிந்து முருகேசனின் இரு பாதங்களையும் தொட்டேன்.

இடப்பாதம் வெதுவெதுப்பாக இருந்தது. கட்டுப்பட்ட வலப்பாதம் மண்பானையின் புறம்போல் குளிர்ந்திருந்தது. விரல்கள் ஈய நிறம். பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டேன். அழுத்தினால் வெளுக்கும், விட்டால் சிவப்பு ஓடிவர வேண்டும். வரவில்லை. மீண்டும் அழுத்தினேன். வரவில்லை.

முருகேசன் வாயிலிருந்த துண்டை எடுத்தார். "இப்பத் தேவலைங்க டீச்சரம்மா. வலி கொறஞ்சிருச்சு. காலே இல்லாத மாதிரி இருக்குது."

"பாத்தீங்களா?" என்றான் பெருமாள், முகம் மலர.

அன்று கேட்ட கூச்சல்கள் எவையும் இச்சொற்களைப் போல் என்னை நடுக்கவில்லை. முறிந்த கால் வீங்கும். வீங்கும் கால், விரிந்து கொடுக்காத கயிறு, அதன்மேல் ஊற்றிய நீர். கட்டுக்குக் கீழே குருதி நின்றுபோயிருந்தது. இப்படியே விட்டால் எலும்பு சேருமா என்ற வினாவே எழாது, காலே இராது.

"அறுக்க மாட்டேனுங்க"

அவிழ்க்கச் சொன்னேன். பெருமாள் முதலில் மறுத்தான். பின்னர் என் முகத்தைப் பார்த்து முயன்றான். ஊறிய கயிறு சதையில் புதைந்திருந்தது. செருகிய நுனியை அவனாலேயே கண்டுபிடிக்க இயலவில்லை. நகம் பெயர்ந்து குருதி வந்ததுதான் மிச்சம்.

"அப்படியானால் அறுத்துவிடு" என்றேன்.

அவன் எழுந்து பின்வாங்கினான். "அதொண்ணு மட்டும் சொல்லாதீங்க. ஆள் இருக்கறப்ப கயித்துல கத்தி வெக்கப்படாது. எங்கப்பன் வெக்கல. நான் வெக்க மாட்டேனுங்க."

"அட கூறு கெட்டவனே!" பாக்கியம் குரலை அடக்கிக்கொண்டே சீறினாள். "கட்டடத்துக்குப் போடற கட்டாடா இது? உங்கண்ணங் காலுடா!"

"அண்ணி, நீ சும்மாயிரு. கட்டு அவுந்தா எலும்பு குத்திக்கிட்டு வெளிய வந்துரும்."

"எலும்பு வந்தா உள்ள தள்ளிக்கலாம். காலு போச்சுன்னா சாரக் கழிய வெட்டி ஒட்ட வெப்பியா நீ?"

அவள் உளறினாலும் உண்மை அவள் பக்கம் இருந்தது. கத்தியை அவளே எடுத்தாள். பெருமாள் அவள் கையைப் பற்றிக்கொண்டான். இருவரும் ஒலியெழுப்பாமல் போராடினர். வெளியே மீண்டும் ஒரு கூச்சல் எழுந்து, சந்தின் வாயைக் கடந்து, தேய்ந்தது. அதுவரை நால்வரும் மூச்சை அடக்கியிருந்தோம். என் கை அந்தக் குளிர்ந்த பாதத்தின்மேல் இருந்தது.

நான் பெருமாளிடம் ஏதோ சொல்ல முனைந்தேன். குருதியோட்டம், நரம்பு, தசை என்று தூய தமிழில் அழகாகத்தான் தொடங்கினேன். அவன் கேட்கவே இல்லை.

முருகேசன்தான் பேசினார். தரையில் கிடந்தபடியே, மிகவும் மெல்ல.

"டேய் பெருமாளு. ஆள் மேல நின்னாத்தானேடா அறுக்கப்படாது? நாந்தான் கீழ விழுந்துட்டேனே. இனி எங்க விழறது? அறு."

பெருமாளின் பிடி தளர்ந்தது.

பூச்சுவேலைக்கு உரிய கரணை ஒன்று அருகில் கிடந்தது. அதன் தகட்டைத் துடைத்து, கயிற்றுக்கும் தோலுக்கும் இடையே எப்படியோ நுழைத்தேன். கத்தி தவறினால் தகட்டில் படட்டும் என்பதற்காக. நானும் பாக்கியமும் முழந்தாளையும் கணுக்காலையும் அசையாமல் ஏந்திக்கொண்டோம். பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அறுத்தான். ஒவ்வொரு சுற்றும் அறுபடுகையில் விண்ணென்று தெறித்தது. அவன் கண்ணீர் கரணையின்மேல் விழுந்தது.

கடைசிச் சுற்று விட்டதும் முருகேசனின் உடல் வில்போல் வளைந்தது. வலி திரும்பியிருந்தது. துண்டுக்குள்ளிருந்து வந்த அந்த முனகலைக் கேட்டு நான் மகிழ்ந்தேன் என்றால் கொடியவள் என்பீர்கள். பெருவிரல் நகத்தை அழுத்தினேன். மெல்ல, மிக மெல்ல, ஓரத்திலிருந்து சிவப்பு பரவியது.

மீண்டும் கட்டியது

நான் செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலை இழுக்கவில்லை, நேராக்க முயலவில்லை. எண்ணெய் தேய்க்கட்டுமா என்று கேட்ட பாக்கியத்தைத் தடுத்தேன். தலையணையைக் காலைச் சுற்றி மடித்து, அதன் வெளிப்புறத்தில் தொடையிலிருந்து குதிகால்வரை நீளும் பலகைத்துண்டை வைத்தேன். இரு கால்களுக்கும் நடுவே துணி மடித்து இட்டு, முறிந்த காலை நல்ல காலோடு சேர்த்து வேட்டிக் கிழிசல்களால் கட்டினேன். தொடையில், முழந்தாளுக்கு மேல், கணுக்காலில். முறிந்த இடத்தின்மேல் முடிச்சு இல்லை. ஒவ்வொரு கட்டின் அடியிலும் ஒரு விரல் நுழையுமளவு இடம் இருந்தது.

பெருமாள் அந்தத் தளர்ந்த முடிச்சுகளைப் பார்த்து, "இதெல்லாம் ஒரு கட்டா?" என்றான். அவன் பார்வையில் நியாயமான வினாதான்.

பாக்கியம் அதற்குள் சருக்கரை கூடுதலாக இட்ட தேநீரோடு வந்தாள். அறுவை தேவைப்பட்டால் வயிறு வெறுமையாக இருக்க வேண்டும் என்று தடுத்தேன். "ஒரு வாய்கூடவா?" என்றாள். துணியை நனைத்து உதட்டைத் துடைக்க மட்டும் விட்டேன். அதற்கு அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

தெரு

எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் இருந்தவர் சிவண்ணா. பொதி ஏற்றும் மூவுருளி வண்டி ஒன்று வைத்திருந்தார். ஊரார் அதனை லக்கேஜ் ஆட்டோ என்பர். கதவைத் தட்டி, என் ஏட்டுக் கன்னடத்தில் செய்தியைச் சொன்னேன். அவர் மனைவி உள்ளிருந்து ஏதோ தடுத்துச் சொன்னார். சிவண்ணா சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பெருமாளை ஏற்றிக்கொள்ள மறுத்தார். இளைஞன் உடன் இருந்தால் தகராறு வரும் என்பது அவர் கணிப்பு. முருகேசனைப் பலகையோடு தூக்கி வைத்தோம். இருபுறமும் நானும் பாக்கியமும் அமர்ந்தோம். நான் தார்ப்பாயை இழுத்து மூட முனைந்தேன்.

"முச்சபேடி மேடம். முச்சிதிரெ டவுட் பருத்தெ" என்றார் சிவண்ணா. மூடினால்தான் ஐயம் வரும் என்பது பொருள். பிறகு என்னை நோக்கி விரலை உயர்த்தினார். "நீவு மாத்தாட்பேடி. ஒந்து மாத்தும் பேடா." ஒரு சொல்லும் பேசக் கூடாது.

ஆனால் விரல்களை இடையிடையே பார்த்துக்கொண்டே போக வேண்டுமே. ஒரு சைகை வகுத்துக்கொண்டோம். நான் பெருவிரலை அழுத்துவேன். முருகேசன் அதை அசைக்க வேண்டும். பேச்சு வேண்டாம்.

வண்டி புறப்பட்டது. ஒவ்வொரு குழியிலும் அவர் துண்டைக் கடித்தார். ஒவ்வொரு குழிக்குப் பின்னும் நான் அழுத்தினேன், அவர் அசைத்தார். ஆள் நடமாட்டமற்ற தெருவில் எங்கள் வண்டியின் இரைச்சல் ஊரையே கூவி அழைப்பதாகத் தோன்றியது.

நாற்சந்தி ஒன்றில் வட்டுருளை எரிந்துகொண்டிருந்தது. ஆடவர் சிலர் சாலையின் குறுக்கே நின்றனர். கையில் தடிகள். சிவண்ணா வேகத்தைக் குறைத்தார். எஞ்சின் பொறி அணைந்து வண்டி நின்றது.

"யாவூரு?" என்றார் ஒருவர். எந்த ஊர் என்பது.

"ஹனூரு. கால் முறிதோகிதெ அண்ணா. ஆஸ்பத்ரெகெ ஹோக்தாயிதீவி. பிட்பிடி" என்றார் சிவண்ணா. கால் முறிந்துவிட்டது, மருத்துவமனைக்குப் போகிறோம், விட்டுவிடுங்கள் என்பது.

அவர்கள் வண்டியைச் சூழ்ந்தனர். புகை கண்ணைக் கரித்தது. என்ன செய்வதென்று அறியாமல், கை பழகிய வேலையைச் செய்தது: பெருவிரலை அழுத்தினேன்.

அசைவில்லை.

மீண்டும் அழுத்தினேன். அசைவில்லை. முருகேசனின் கண்கள் மூடியிருந்தன. புகையில் விரலின் நிறம் தெரியவில்லை. கட்டு மீண்டும் இறுகிவிட்டதா? மனிதரே போய்விட்டாரா? வெளியே நின்ற அச்சமும் உள்ளே கிடந்த அச்சமும் ஒன்றையொன்று நெருக்கின. அவற்றுள் ஒன்றுக்குத்தான் என்னிடம் இடம் இருந்தது.

"முருகேசா! காலை அசை! விரலை அசை! என் குரல் கேட்கிறதா? விரலை அசை!"

கத்தினேன். செப்பமான செந்தமிழில், நாற்சந்தி முழுவதும் கேட்கும்படி.

பாக்கியம் என் மணிக்கட்டைப் பற்றினாள். அவள் வளையல்கள் என் எலும்பில் பதிந்தன.

பெருவிரல் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது.

"அசைக்கறனுங்க டீச்சரம்மா" என்றார் முருகேசன், கண்ணைத் திறவாமலே. "கத்தாதீங்க. அவங்களுக்குக் கேட்டுரப் போவுது."

பின்னால் ஒருவர் சிரித்துவிட்டார் என்று நினைக்கிறேன். அச்சிரிப்பில் பகை இருந்ததா என்று அறிய எனக்கு அப்போது திராணி இல்லை. "தள்ரோ, தள்ரோ!" என்றது ஒரு குரல். வண்டி குலுங்கியது. அடிக்கப்போகிறார்கள் என்று முருகேசனின் கால்மேல் கவிழ்ந்தேன். வண்டி நகர்ந்தது. அவர்கள் பின்னிருந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். பொறி உயிர்பெறும்வரை தள்ளினார்கள்.

திருத்தம் வேண்டி

மருத்துவமனை சேர்ந்தோம். கால் பிழைத்தது. பல மாதம் மாவுக்கட்டில் கிடந்து, சற்றே சாய்ந்து நடக்கத் தொடங்கி, பின்னர் முருகேசன் மீண்டும் சாரம் ஏறினார். மருத்துவர் சொன்னவற்றை எல்லாம் இங்கு எழுதப் போவதில்லை. அந்தக் கயிறு இன்னும் சிறிது நேரம் இருந்திருப்பின் கணுக்காலுக்கு மேல் எடுக்க நேர்ந்திருக்கும் என்றார். அது போதும்.

முதலுதவி பற்றி நான் எழுதியவற்றில் பிழை இருப்பின் மருத்துவம் அறிந்தோர் தயங்காமல் சுட்டிக்காட்டுக. என் கல்வி பழையது. சாரம் கட்டுவோர் முறையில் பிழை இருப்பின் அத்தொழிலோர் திருத்துக. கன்னடச் சொற்களைத் தமிழ் எழுத்தில் வடித்ததில் நிச்சயம் குறை இருக்கும்.

வேறொரு திருத்தமும் வேண்டுகிறேன். சில ஆண்டுகளுக்குப் பின் முருகேசனைக் கண்டபோது நாற்சந்தியைப் பற்றிப் பேசினோம். "தடியா? தடியெல்லாம் ஒண்ணும் இல்லைங்களே" என்றார். நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள் என்றேன். "மூடறதுக்கு முன்னால பாத்தனுங்க. ரெண்டு பேரு கையில வாளித் தண்ணி வெச்சிருந்தாங்க. டயர அணைக்க" என்றார். பாக்கியம் தடிகள் இருந்தன என்கிறாள். சிவண்ணா இன்றில்லை.

மேலே நான் தடிகள் என்று எழுதியதை அடித்துவிடவில்லை. என் நினைவில் அவை இருக்கின்றன. ஆனால் அம்மனிதர்களுள் ஒருவர் முகத்தைக்கூட நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பார்த்தது கால்விரல் ஒன்றைத்தான். மற்றவற்றை அச்சம் எழுதியிருக்கலாம்.

அன்று அந்த வண்டியைத் தள்ளிய எவரேனும், அல்லது அவரை அறிந்த எவரேனும், இதனைப் படிக்க நேர்ந்தால், உங்கள் கையில் என்ன இருந்தது என்பதை எனக்கு எழுதுங்கள். திருத்தி வெளியிடுவேன்.